ழான் மொனே: எண்ணம் பெரிது, அலுவலகம் சிறிது

ஒவ்வோர் ஆண்டும் மே 9-ஆம் நாளை ஐரோப்பிய ஒன்றியம் ஐரோப்பா நாளாகக் கொண்டாடுகிறது. 1950-இல் அந்நாளில்தான், பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமான், பாரிஸில் தம் அமைச்சகத்தின் கடிகார மண்டபத்தில் செய்தியாளர்களைக் கூட்டி ஓர் அறிக்கையை வாசித்தார். பிரான்சு, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதும் ஒரு பொதுவான உயர் ஆணையத்தின்கீழ் வைக்கப்படும். விரும்பும் பிற நாடுகளும் இதில் சேரலாம் என்றது அந்த அறிக்கை. போர் முடிந்து ஐந்தாண்டுகள்தாம் ஆகியிருந்தன. எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை மோதிக்கொண்ட இரு நாடுகள், பீரங்கி வார்க்கும் உலோகத்தையும் அதற்கான எரிபொருளையும் ஒரே கையில் ஒப்படைக்க முன்வந்தது அரசியல் உலகம் எதிர்பாராத ஒன்று.

வாசித்தவர் ஷூமான். அதைப் பலமுறை எழுதி, அடித்து, திருத்தி உருவாக்கியவர் ழான் மொனே. அப்போது அவருக்கு வயது 61. அவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெற்றதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பன்னாட்டுப் பொருளியல் கற்பித்தவன் நான். சுங்க ஒன்றியம் என்ற பாடத்துக்கு வரும்போதெல்லாம் மொனேயின் கதையைச் சொல்லித்தான் தொடங்குவேன். மாணவர்கள் ஆர்வத்துடன் கேட்பார்கள். ஆனால், பல ஆண்டுகள் நான் சொன்னது பாதிக் கதையைத்தான். அவர் கண்ட கனவைச் சொன்னேன். அவர் நடத்திய அலுவலகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த மறுபாதிதான் இன்று நமக்கு அதிகம் தேவைப்படுகிறது என்று இப்போது தோன்றுகிறது.

மொனே 1888 நவம்பர் 9-இல் பிரான்சின் கோன்யாக் நகரில் பிறந்தார். அந்நகரின் பெயரையே தாங்கிய திராட்சை மதுதான் குடும்பத் தொழில். பதினாறு வயதில் பள்ளியை விட்டார். தந்தை அவரை லண்டனுக்கு அனுப்பி வணிகம் பழகவைத்தார்; பின்னர் பதினெட்டு வயதில் கனடாவுக்கு அனுப்பினார். புத்தகங்களை எடுத்துச் செல்ல வேண்டாம், மனிதர்களிடம் பேசிக் கற்றுக்கொள் என்பது தந்தை தந்த அறிவுரை. மொனே வாழ்நாள் முழுதும் அதையே கடைப்பிடித்தார். பீப்பாயில் பல்லாண்டு கிடந்து பக்குவப்படும் சரக்கை விற்கும் குடும்பத்தில் பிறந்தவருக்குப் பொறுமையும் இயல்பாகவே வந்திருக்க வேண்டும்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. உடல்நலக் குறைவால் அவர் படையில் சேர இயலவில்லை. பிரிட்டனும் பிரான்சும் ஒரே எதிரியை எதிர்த்துப் போரிட்டாலும், கோதுமையையும் கப்பல்களையும் தனித்தனியே, ஒன்றுக்கொன்று போட்டியாக வாங்கி விலையை ஏற்றிக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். பிரெஞ்சுத் தலைமை அமைச்சர் விவியானியை போர்தோ நகரில் நேரில் சந்தித்து, இருநாட்டுக் கொள்முதலையும் ஒன்றாக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு 25 வயது. அந்த இளைஞரின் பேச்சை அரசு செவிமடுத்தது. 1916-இல் கோதுமைக்கான கூட்டுச் செயற்குழுவும், பின்னர் கப்பல் போக்குவரத்துக்கான நேசநாட்டு மன்றமும் தோன்றியதில் அவருடைய பங்கு உண்டு.

போர் முடிந்ததும், 1919-இல் சர்வதேச சங்கத்தின் துணைப் பொதுச்செயலர் ஆனார். முக்கிய முடிவு எதற்கும் எல்லா நாடுகளின் ஒப்புதலும் வேண்டும் என்ற விதி, எந்த முடிவையும் எடுக்கவிடாத விதியாகவே அங்கே செயல்பட்டதைக் கண்டார். 1923-இல் விலகி, நொடித்துக்கொண்டிருந்த குடும்பத் தொழிலை மீட்கச் சென்றார். பிறகு பன்னாட்டு வங்கியாளராகிப் போலந்து, ருமேனியா நாடுகளின் நாணயங்களை நிலைப்படுத்தும் கடன்களுக்காக உழைத்தார். பெரும் செல்வம் சேர்த்தார். பங்குச்சந்தை வீழ்ச்சியில் அதை இழந்தார். இரண்டாம் உலகப் போரின்போது வாஷிங்டனில், பிரிட்டனின் கொள்முதல் குழுவில் பணியாற்றியபடி, அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைப் பன்மடங்கு பெருக்க வேண்டும் என்று அங்குள்ள அதிகார வட்டங்களில் ஓயாமல் வலியுறுத்தினார்.

போருக்குப் பின் பிரான்சு அவரிடம் நாட்டின் பொருளாதாரத் திட்டமிடலை ஒப்படைத்தது. 1946 ஜனவரியில் தோன்றிய திட்ட ஆணையத்தின் தலைவர் அவர். நிலக்கரி, மின்சாரம், எஃகு, சிமென்ட், வேளாண் இயந்திரங்கள், போக்குவரத்து என ஆறு அடிப்படைத் துறைகளைத் தேர்ந்தெடுத்தார். பாரிஸின் மார்தின்யாக் தெருவில் ஒரு வீட்டில் அவருடைய அலுவலகம் இயங்கியது. ஊழியர்கள் மிகச் சிலரே. அமைச்சகங்களுக்குக் கட்டளையிடும் அதிகாரம் அதற்கில்லை. தொழிலதிபர், தொழிற்சங்கத்தார், அரசு அலுவலர் ஆகியோரை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, உடன்பாடு வரும்வரை எழவிடாமல் பேசவைப்பதே அதன் வழிமுறை. அது வென்றது. அந்த வெற்றிதான் பின்னாளில் ஒரு சிக்கலுக்கும் வித்தானது என்பது என் கருத்து.

1951 ஏப்ரல் 18-இல் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் பாரிஸ் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகம் பிறந்தது. அதன் நிர்வாகம் ஒன்பது உறுப்பினர்கள் கொண்ட உயர் ஆணையத்திடம் இருந்தது. அந்த ஒன்பதுபேரும் தத்தம் நாட்டின் பேராளர்கள் அல்லர். எந்த அரசிடமிருந்தும் அவர்கள் உத்தரவு பெறக் கூடாது. நாடுகளுக்கு மேலான நிர்வாகம் என்ற சொல்லாட்சி ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றது. 1952 ஆகஸ்டு 10-இல் லக்சம்பர்க் நகரில், ரயில்வே நிர்வாகத்துக்குரிய ஒரு கட்டடத்தில், ஆணையம் பணி தொடங்கியது. முதல் தலைவர் மொனே.

அந்த ஆணையத்தின் கொள்கைச் செல்வாக்கை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. 1953 பிப்ரவரியில் நிலக்கரிக்கும், மே மாதத்தில் எஃகுக்கும் பொதுச் சந்தை திறக்கப்பட்டது. ஆறு நாடுகளுக்கிடையே அவற்றின்மீதான சுங்கமும் அளவுக் கட்டுப்பாடும் நீங்கின. எல்லையைத் தாண்டியதும் ரயில் கட்டணத்தைப் புதிதாகக் கணக்கிட்டு அயல்நாட்டுச் சரக்கின் செலவை ஏற்றும் வழக்கத்தை நீக்கும் உடன்பாடு 1955-இல் எட்டப்பட்டது. சுரங்கம் மூடப்பட்டு வேலை இழந்தோரின் மறுபயிற்சிக்கும், தொழிலாளர் வீட்டு வசதிக்கும் நிதி கிடைத்தது.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அதுதான் பொருளியல் மாணவன் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். உறுப்பு நாடுகளின் நன்கொடையை நம்பி ஆணையம் இருக்கவில்லை. நிலக்கரி, எஃகு உற்பத்தியின் மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்கு மேற்போகாத தீர்வையை அது நிறுவனங்களிடமிருந்து நேரடியாகவே வசூலித்தது. ஐரோப்பாவின் முதல் பொது வரி என்று அதைச் சொல்லலாம். சொந்த வருவாய் இருந்ததால் கடன் பெறும் தகுதியும் வந்தது. 1954-இல் அமெரிக்க அரசு பத்துக் கோடி டாலர் கடன் தந்தது. பன்னாட்டு அமைப்புகள் பல சந்தாவுக்காக உறுப்பு நாடுகளின் வாசலில் காத்திருக்கும் நிலையை எண்ணினால், மொனேயின் தொலைநோக்கு விளங்கும்.

இன்னொரு நிகழ்வும் நினைவுகூரத் தக்கது. எஃகுச் சந்தை திறக்கவிருந்த வேளையில், விற்பனை வரி யாருக்குரியது என்ற பூசல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே எழுந்தது. ஏற்றுமதியாகும் எஃகுக்கு பிரான்சு வரியைத் திருப்பித் தருவது தங்கள் ஆலைகளைப் பாதிக்கிறது என்றனர் ஜெர்மானியர். ஆணையம் டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் தலைமையில் வல்லுநர் குழு அமைத்தது. 1969-இல் பொருளியலுக்கான முதல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பொருள் சென்று சேரும் நாட்டில் வரி விதிக்கும் முறையைத் தொடரலாம் என்று குழு கூறியது. ஆணையம் அதை ஏற்றது. நம் சரக்கு, சேவை வரியின் அடிப்படையாக இருப்பதும் இதே சேருமிடக் கோட்பாடுதான். பெரும் பூசலாக வெடித்திருக்கக்கூடிய ஒன்றை அறிவின் துணையோடு ஆணையம் அடக்கியது.

இனி, நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட பகுதிக்கு வருகிறேன்.

மார்தின்யாக் தெரு அலுவலகத்தையே லக்சம்பர்க்கில் மறுபடி உருவாக்க மொனே விரும்பினார். சிறிய குழு, நெகிழ்வான பணிப்பகிர்வு, இறுகிய படிநிலை இல்லாத உறவு. அதிகாரிகளின் கூட்டம் பெருகினால் எண்ணம் செத்துவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால், திட்ட ஆணையம் ஆலோசனை சொல்லும் இடம். உயர் ஆணையமோ வரி வசூலிக்கும், விலைப்பட்டியலைச் சரிபார்க்கும், தண்டம் விதிக்கும் இடம். முன்னதற்குப் பொருந்திய முறை பின்னதற்குப் பொருந்தவில்லை.

எந்தப் பிரிவு எதற்குப் பொறுப்பு என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. ஒரே பணியை இரு பிரிவுகள் செய்தன. சில பணிகளை எவரும் செய்யவில்லை. தலைவர் தமக்கு நம்பிக்கையான சிலரை நேரே அழைத்து வேலை தருவார். அவர்களுக்கு மேலிருந்தவர்களுக்குச் செய்தி தாமதமாகவே எட்டும். ஒரே ஆவணம் திரும்பத் திரும்ப எழுதப்படும். கூட்டங்கள் நள்ளிரவைத் தாண்டும். எல்லா முடிவுகளும் ஒன்பதுபேரின் கூட்டுமுடிவாக இருக்க வேண்டும் என்பதால், சிறு விவகாரங்களும் உயர்மட்டத்தில் வந்து குவிந்தன. நான்கு மொழிகளில் எழுத வேண்டியிருந்தது அந்தச் சுமையைக் கூட்டியது. முறையான பணிவிதிகள் 1956-இல்தான் நடைமுறைக்கு வந்தன. அதுவரை ஊழியர்களின் நிலை உறுதியற்றதாகவே இருந்தது. ஒழுங்கான துறைப் பிரிவினை வேண்டும் என்று சக உறுப்பினர்களே வற்புறுத்தினார்கள். மொனேயின் காலத்திலேயே சீரமைப்பு தொடங்கிவிட்டது. பணியாளர் எண்ணிக்கையும் சில ஆண்டுகளில் பல நூறாகப் பெருகியது. அவர் எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதுவே, ஆனால் திட்டமின்றி, வந்து சேர்ந்தது.

இதன் விலை என்ன என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டு போதும். எஃகு ஆலைகள் தங்கள் விலைப்பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும். அந்த விலையில்தான் அனைவருக்கும் விற்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. தேவை குறைந்த காலத்தில் ஆலைகள் பட்டியல் விலைக்குக் கீழே விற்றன. அதைக் கண்காணித்துத் தடுக்கப் போதிய ஏற்பாடு ஆணையத்திடம் இல்லை. எனவே, 1954 தொடக்கத்தில் சராசரியாக 2.5 விழுக்காடு வரை விலகி விற்கலாம் என்று விதியையே தளர்த்தியது. பிரான்சும் இத்தாலியும் வழக்குத் தொடுத்தன. அந்த ஆண்டு டிசம்பரில் சமூகத்தின் நீதிமன்றம் தளர்வை நீக்கியது. நடைமுறைப்படுத்த இயலாத விதியை நடைமுறைக்கேற்ப வளைப்பது, நிர்வாக வலிமையற்ற அமைப்புகள் எங்கும் கைக்கொள்ளும் வழி. ரூர் பகுதியின் நிலக்கரி விற்பனைக் கூட்டமைப்புகளின் பிடியையும் மொனேயின் காலத்தில் ஆணையத்தால் தளர்த்த முடியவில்லை.

1954 ஆகஸ்டில் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகத் திட்டத்தை பிரெஞ்சு நாடாளுமன்றம் கைவிட்டது. மொனேக்கு அது பேரிடி. தம் பதவிக்காலம் நீட்டிக்கப்பட வேண்டாம் என்று நவம்பரில் அறிவித்தார். 1955 ஜூனில் லக்சம்பர்க்கை விட்டு நீங்கினார். அலுவலகத்தின் அன்றாடம் அவருக்கு என்றுமே பிடித்ததில்லை. அடுத்த இருபது ஆண்டுகள், ஐரோப்பிய ஐக்கிய நாடுகளுக்கான செயற்குழு என்ற சிறு அமைப்பின் வழியாக, கட்சித் தலைவர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒருங்கிணைத்தார். பதவி ஏதுமின்றி, தொலைபேசியும் பொறுமையுமே கருவியாக, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உருவாகத் துணைநின்றார். அது அவருக்கு இயல்பான களம்.

அவர் விட்டுச்சென்ற ஆணையத்துக்கோ அப்படிப்பட்ட திறமை இல்லை. ஒருவரின் வசீகரம் கோப்புடன் சேர்த்து ஒப்படைக்கக்கூடிய பொருளன்று. 1950-களின் இறுதியில் மலிவான எண்ணெய் வந்து, நிலக்கரி மலைபோல் தேங்கியது. உற்பத்திக்கு வரம்பு விதிக்கும் நெருக்கடி அதிகாரத்தை ஆணையம் 1959-இல் கேட்டபோது, அமைச்சர்கள் மன்றம் மறுத்தது. எழுத்தில் இருந்த அதிகாரம் நெருக்கடியில் கைகொடுக்கவில்லை. நாடுகள் தத்தம் நலனைக் காத்துக்கொண்டதுதான் முதன்மைக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், திறமையாக நிர்வகிக்கும் அமைப்பு என்ற நற்பெயரை முன்பே ஈட்டியிருந்தால், அந்த மறுப்பு அவ்வளவு எளிதாக இருந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு உண்டு. 1967-இல் உயர் ஆணையம் ஐரோப்பிய ஆணையத்துடன் இணைந்து மறைந்தது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துறைத் தலைவராக இருந்தபோது, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்காக உதவித்தொகைத் திட்டம் ஒன்றை வகுத்தேன். முன்னாள் மாணவர்களிடம் பேசி நிதி திரட்டினேன். பாராட்டுகள் குவிந்தன. விண்ணப்பத்தை யார் சரிபார்ப்பது, யார் கையொப்பமிடுவது, எந்தத் தேதிக்குள் பணம் தர வேண்டும் என்பவற்றை நான் எழுதி வைக்கவில்லை. நல்ல மனிதர்கள் கூடியிருக்கிறோம், நடந்துவிடும் என்று நம்பினேன். முதல் ஆண்டில் பணம் வங்கியிலேயே கிடந்தது. அலுவலகம் துறையைக் கைகாட்டியது. துறை அலுவலகத்தைக் கைகாட்டியது. தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் ஒரு மாணவி படிப்பை நிறுத்திவிட்டார். செய்தி எனக்கு எட்டியபோது காலம் கடந்துவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. மொனேயின் கதையை முழுமையாகச் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வள்ளுவர் பொருட்பாலில், செயலுக்கு உரியவரைத் தேர்ந்து அவரிடம் செயலை ஒப்படைப்பதற்கென்றே தெரிந்துவினையாடல் என ஒரு தனி அதிகாரம் வகுத்திருக்கிறார். இளமையில் அதை ஏதோ அரசர்களுக்கான அறிவுரை என்று கடந்து போயிருக்கிறேன்.

மொனேயின் வாழ்க்கையில் ஓர் ஒற்றுமை என்னை வியக்கவைக்கிறது. பாரிஸ் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் நெதர்லாந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டிர்க் ஸ்பீரன்பர்க். கட்டுப்பாடற்ற ஆணையம் கூடாது, அமைச்சர்கள் மன்றமும் வேண்டும் என்று வாதாடி வென்றவர். பின்பு மொனேயின் ஆணையத்திலேயே உறுப்பினராகி, அதன் குறைகளை உள்ளிருந்து கண்டவர். மொனே 1979 மார்ச் 16-இல், தம் 90-ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், ஐரோப்பிய ஆணையத்தின் நிர்வாகத்தை ஆராய்ந்த ஐவர் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதன் தலைவர் ஸ்பீரன்பர்க். ஆணையர்களும் துறைகளும் தேவைக்கு மேல் பெருகியுள்ளன, அவற்றிடையே ஒருங்கிணைப்பு போதவில்லை என்றும், நாட்டுக்கு ஓர் ஆணையர் போதும் என்றும் அந்த அறிக்கை கூறியது. பெரும்பகுதி கிடப்பில் போடப்பட்டது. நாட்டுக்கு ஓர் ஆணையர் என்ற நிலை 2004-இல்தான் வந்தது.

அலட்சியத்துக்கான கணக்கு இடையில் ஒருநாள் தீர்க்கப்பட்டது. 1999 மார்ச்சில், நிதி முறைகேடுகளையும் வேண்டியவர்க்குச் சலுகை காட்டியதையும் ஆராய்ந்த தனி வல்லுநர் குழு, ஆணையத்தில் பொறுப்பேற்பவரைக் காண்பதே அரிதாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்தது. அன்றிரவே ழாக் சான்தேர் தலைமையிலான ஆணையம் முழுவதும் பதவி விலகியது. யூரோ நாணயத்தை அறிமுகப்படுத்தி மூன்று மாதம்கூட ஆகாத ஆணையம் அது. கொள்கையில் அத்தனை பெரிய சாதனை புரிந்த அமைப்பு, ஒப்பந்தப் புள்ளிகளையும் நியமனக் கோப்புகளையும் கவனிக்காததால் வீழ்ந்தது. 1952-இன் குறைதான் 1999-இன் வீழ்ச்சிக்கு நேரடிக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கொள்கை உயர்ந்த வேலை, நிர்வாகம் தாழ்ந்த வேலை என்ற மனப்பான்மை இரண்டிலும் தென்படுகிறது.

மொனேயைக் குறை கூறுவது எளிது. ஒழுங்கான அலுவலகம் மட்டுமே நடத்தத் தெரிந்த ஒருவரால் 1950-இன் அந்த அறிக்கையை எழுதியிருக்க முடியாது. ஜெர்மனியின் சுரங்கமும் பிரான்சின் ஆலையும் ஒரே விதியின்கீழ் வந்தபின், அவ்விரு நாடுகளும் மீண்டும் போர்க்களத்தில் சந்திக்கவில்லை. இந்த ஒன்றே ஒரு மனித வாழ்வுக்குப் போதுமான பெருமை. 1976-இல் ஐரோப்பிய நாடுகளின் தலைவர்கள் அவரை ஐரோப்பாவின் மதிப்புறு குடிமகன் என்று சிறப்பித்தனர். பிறந்து நூறாண்டு நிறைந்த 1988-இல் அவருடைய உடல் எச்சங்கள் பாரிஸின் பாந்தியோன் நினைவாலயத்துக்கு மாற்றப்பட்டன.

ஆயினும், ஓர் அமைப்பைத் தோற்றுவிப்பவர் தமக்குப் பின் வருவோர்க்கு எதை விட்டுச் செல்ல முடியும்? தம் நட்பு வட்டத்தையோ, பேச்சுத்திறனையோ விட்டுச் செல்ல முடியாது. யார் எதற்குப் பொறுப்பு, எந்தக் கணக்கை யார் பார்ப்பது, குடிமகன் ஒருவர் கடிதம் எழுதினால் யார் பதில் தருவது என்ற ஒழுங்கை மட்டுமே விட்டுச் செல்ல முடியும். புதிய ஆணையங்களையும் மன்றங்களையும் வாரியங்களையும் நாமும் அறிவித்துக்கொண்டே இருக்கிறோம். தொடக்க விழா உரைகளைக் கேட்கும்போதெல்லாம் லக்சம்பர்க்கின் அந்த ரயில்வே கட்டடம் என் நினைவுக்கு வருகிறது. கூடவே, படிப்பை நிறுத்திய அந்த மாணவியும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)